பைலட்டு யாருகிட்ட பேசுவான்?

எங்க வீட்டுக்காரரு பகவதிப்பெருமாளுக்கு ஆறு பாஷை தெரியும். ஆரியசாலையில மிளகாய் மொத்தக்கடை. குண்டூர் ஏஜெண்டுகிட்ட தெலுங்கு, பியாடகி மிளகாய்க்காரன்கிட்ட கன்னடம், சேட்டுகிட்ட ஹிந்தி. வந்தவன் பாஷையில பேசினாத்தான் சரக்கு நகரும்னு சொல்லுவாரு. கடைக்கு அது சரிதான். அதையே கொண்டுபோய் எங்க மவ ஆர்யாவுக்க தலையில கட்டினாரு பாருங்க, அங்கதான் வந்தது வினை.

ஆர்யா பைலட்டு லைசென்ஸ் எடுத்துட்டு வந்தப்போ ஒரு கம்பெனியும் ஆள் எடுக்கலை. அவ அசரலை. "அப்பப்போ பறந்துக்கிட்டே இருந்தா போதும்ப்பா. மேகத்துக்குள்ள மீட்டரை மட்டும் பாத்து ஓட்டுததுக்கு ஒரு அனுமதி உண்டும். வருஷா வருஷம் பறந்து காட்டிப் புதுப்பிக்கணும். விட்டா போயிரும்"னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. இந்த மனுஷன் கேட்டாத்தானே!

"ஓட்டத் தெரிஞ்ச பிள்ளைய ஊரு பூரா கிடக்கு மக்ளே. ஜெர்மனும் பிரெஞ்சும் பேசுத பைலட்டு எத்தனை பேரு உண்டு? கோவளத்துக்கு வாற வெள்ளைக்கார சாயிப்பு ஏறினா, அவன் பாஷையில பேசுதவளைத்தான் கம்பெனிக்காரன் எடுப்பான். கேட்டியா?"

"கை மறந்துரும்ப்பா."

"சைக்கிள் மறக்குமா? அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

ஒருக்க மும்பைக்குப் போனப்போ பைலட்டு மைக்குல ஹிந்தி பேசினதைக் கேட்டாராம். அது ஒண்ணுதான் அவருக்குச் சாட்சி. பிள்ளை பறக்கப் போகாம ஒன்றரை வருஷம் ரெம்யா டீச்சர்கிட்ட ஜெர்மன், பொறவு பிரெஞ்சுன்னு உருப்போட்டா. ரெண்டுலயும் நல்ல மார்க். இவரு கடைத்தெரு பூரா சொல்லிப் பீத்திக்கிட்டாரு.

போன வாரம்தான் இன்டர்வியூ வந்தது. சின்ன பிளேன் விடுத ஒரு கம்பெனி. கடை மாடியில லேப்டாப்பை வச்சு ஆர்யா உக்காந்தா. நானும் இவரும் கதவுக்குப் பின்னால.

ஸ்கிரீன்ல ஒரு கேப்டனும், கூட ஒரு அம்மாவும். அந்த அம்மா ஜெர்மன்ல ஏதோ கேட்டா. இவ மடமடன்னு பதில் சொன்னா. பிரெஞ்சுக்கும் அப்படித்தான். இவரு என் கையைப் பிடிச்சு ஒரு நுள்ளு நுள்ளினாரு, "பாத்தியாட்டீ"ன்னு. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லலை.

பொறவு கேப்டன், கடைசியா பறந்தது எப்போன்னு கேட்டாரு. ஒன்றரை வருஷத்துக்கு முன்ன, பொறவு அப்பா பாஷை படிக்கச் சொன்னாருன்னு ஆர்யா சொன்னா. அவரு கண்ணாடியைக் கழற்றி மேசையில வச்சாரு. அந்த அனுமதி காலாவதி ஆயாச்சே, கை பழக்கமும் விட்டிருக்கும், இப்போ பைலட்டா எடுக்க வழியில்லைன்னு மெதுவாத்தான் சொன்னாரு.

அந்த அம்மா விடலை. "இவ்வளவு நல்லா பாஷை பேசுதே. கேபின் க்ரூவா வேலை தாறோம், சேருதியா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா.

அடப்பாவி! என் பிள்ளை பிளேன் ஓட்டப் படிச்சவ. தட்டு நீட்டுததுக்கா?

நான் வாயைத் திறக்கதுக்கு முன்ன இவரு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள பாய்ஞ்சாச்சு. வேலை தாறேன்னது மட்டும்தான் அவரு காதுல விழுந்திருக்கு. கேமராவுக்கு முன்ன போய்க் கையைக் கூப்பி, "யெஸ் சார்! ஷீ வில் ஜாய்ன் சார்! டுமாரோ சார்!"ன்னு ஒரே சந்தோஷம். ஆர்யாவுக்க முகத்துல ரத்தமே இல்லை.

"அப்பா," மெதுவாத்தான் சொன்னா, "அது பைலட்டு வேலை இல்லை. யாத்திரைக்காரங்களுக்குத் தண்ணி கொடுக்கது, பெல்ட்டு போடச் சொல்லுதது. அதுக்குத்தான் ஜெர்மன், பிரெஞ்சு."

கூப்பின கை அப்படியே நின்னுது. "அப்போ... பைலட்டு யாருகிட்டதான் பேசுவான்?"

"ஏர்போர்ட்டு டவருல இருக்கவங்ககிட்ட. இங்கிலீஷ்ல. அது எனக்கு முன்னமே வரும்லாப்பா."

அய்யோ, அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியலை. இருந்த ஆத்திரத்துல நாலு கேக்கணும்னுதான் உள்ள போனேன். கேக்காம அவரு பக்கத்துல போய் நின்னேன்.

லைன் இன்னும் கட் ஆகலை. இவரு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பினாரு. "சாரி சார். நோ வாட்டர் வேலை சார். மை டாட்டர்... பிளேன் ஓட்டும் சார். ஒன்லி பிளேன்."

கேப்டன் சிரிக்கலை. இவருக்குப் புரியணும்னு நிறுத்தி நிறுத்தி ஹிந்தியில சொன்னாரு. "திரும்பப் பறந்து அனுமதியைப் புதுப்பிச்சுட்டு வரட்டும், பாக்கலாம். நல்ல பொண்ணு. இவளை ஏன் சார் பறக்காம நிறுத்தினீங்க?"

ஹிந்தி இவருக்கு நல்லா வரும். வாயைத் திறந்தாரு. மூடினாரு. ஆறு பாஷையில ஒண்ணுலயும் அதுக்குப் பதில் இல்லை.

ஆர்யா அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "தேங்க் யூ, கேப்டன்"னு சொல்லி லேப்டாப்பை மூடினா.