ஒலிவ மரத்தின் முன்பக்கம்

காட்டு மரம் கிண்டப் போக வேண்டும் என்று யோகராணி சொன்னபோது உதயன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, சித்திரை மாதம். பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கும் ஒருத்திக்கு, எண்ணூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற மலைச்சரிவில் என்ன வேலை?

ஆனால் அவளைக் கல்யாணம் கட்டிப் பதினைந்து வருடம். அவள் ஒன்றைச் சொன்னால் அதற்கு முன்பே அதைப்பற்றி ஆறு மாதம் யோசித்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கடை திறந்த அன்று யாரோ ஒரு சின்னப் போன்சாய் மரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். சுப்பர்மார்க்கெட்டில் வாங்கியது. மூன்று மாதத்தில் அது செத்துப்போனது. வேறு யாரும் என்றால் குப்பையில் போட்டு மறந்திருப்பார்கள். யோகராணிக்கு அது ஏன் செத்தது என்று தெரிய வேண்டியிருந்தது. நகரசபை நூலகத்தில் போன்சாய்ப் புத்தகங்களை இரவல் எடுத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அகராதியோடு வைத்துப் படித்தாள். அதனால் அவளுடைய பிரெஞ்சு ஒரு மாதிரியான பிரெஞ்சு. வேர்முடிச்சு, மரச்சாறு, உறங்கும் முளை எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். விசா புதுப்பிக்கப் போகிற பிரிபெக்துர் அலுவலகக் கவுண்டரில் ஏதாவது கேட்டால் மட்டும் உதயனைத் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் சேர்ந்திருந்த போன்சாய் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு சிறு அறிவித்தல் வந்திருந்தது. தெற்கே பெசியேப் பக்கம் ஜிஸ்லேன் என்ற அம்மாவுக்குச் சொந்தமான சரிவில் திராட்சை நடப்போகிறார்கள். அங்கே காட்டு ஒலிவ மரங்கள் நிற்கின்றன. புல்டோசர் வருவதற்கு முன் விரும்பியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். அதே கிழமைதான் உதயன் மொன்பெலியேக்கு ஒரு கல்யாணத்துக்கு மணவறைச் சாமான்களைத் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றிப் போகவேண்டியிருந்தது.

"வரேக்கை வான் வெறுமையாத்தானே வரும்?" என்று யோகராணி கேட்டாள்.

ஜிஸ்லேனுக்கு எழுபது வயதிருக்கும். றப்பர் சப்பாத்தோடு வாசலில் நின்றவர் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேண்டியதை எடுங்கள். தோண்டிய கிடங்கை மட்டும் மூடிவிட்டுப் போங்கள்" என்றார்.

உதயன் நல்ல மரங்களாகப் பார்த்துக் காட்டினான். நேராக வளர்ந்தவை, இலை அடர்ந்தவை. யோகராணி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழங்கால் உயரப் பற்றை ஒன்றுக்கு முன்னால் மண்டியிட்டு, அடியில் இருந்த மண்ணைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் வருடக்கணக்காகக் கடித்துக் கடித்து அதை வளரவே விடவில்லை. மேலே ஒன்றுமில்லை, அடிமரமோ அவனுடைய தொடைப் பருமன்.

"உந்தக் கட்டையையோ கொண்டு போகப்போறீர்?"

"அடியைப் பாருங்கோப்பா. எப்பிடி விரிஞ்சு நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

அவன் பார்த்தான். அவனுக்குக் கட்டைதான் தெரிந்தது.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் மூன்றுக்குத்தான் முடிந்தது. அலவாங்கால் நெம்ப அவள் விடவில்லை. தடித்த வேரைக் கைவாளால் மெதுவாக, துணி வெட்டுகிற மாதிரி நேராக அறுத்தாள். மரம் வெளியே வந்ததும் கொப்புகளை ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்கினாள். உதயனுக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு பாடுபட்டுக் கிண்டிப்போட்டு இப்ப மொட்டை அடிக்கிறீரே!"

"வேர் போச்சுது. இனி இந்த இலையளுக்கு ஆர் தண்ணி குடுக்கிறது?"

கிடங்கை மூடி, மேலே கல்லும் பரவிவிட்டுத்தான் வானில் ஏறினாள். ஈரச்சாக்கில் சுற்றிய கட்டை பின்னால் உருளாமல் இருக்கத் தன்னுடைய குளிர் அங்கியை மடித்து அண்டை கொடுத்தாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் உண்டு. கோடையில் பதினொரு மணிக்கு வருகிற வெயில் நாலு மணிவரை நிற்கும். குப்பைத் தொட்டிகளுக்கு வழி விட்டால் சரி என்று கட்டடக் காவலாளி மரி-லூயிஸ் அனுமதி கொடுத்தார். பலகைப் பெட்டி ஒன்று அடித்து, நுரைக்கல் துணிக்கைகளை நிரப்பி, மரத்தை நட்டு, மேலே பிளாஸ்ரிக் உறை போட்டு மூடினாள்.

ஒன்பது கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வானை எடுக்கப் போகிற வழியில் உதயன் தினமும் எட்டிப் பார்ப்பான். ஆனி மாதத்தில் ஒரு காலை, மரப்பட்டையில் குண்டூசித் தலையளவு பச்சை தெரிந்தது.

"ராணி! ஓடி வாரும்!"

அளவு நாடா கழுத்தில் தொங்க அவள் ஓடிவந்தாள். பின்னாலேயே, கையைத் தூக்கியபடி அளவு கொடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரும் வந்துவிட்டார். தான் இவ்வளவு சத்தமாகக் கத்தியது உதயனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தொடாதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. ரெண்டு வருசத்துக்கு அது தன்ரை பாட்டிலை வளரட்டும்" என்றாள் யோகராணி.

அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் குளிர் வந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, மாசி. லண்டனில் உதயனின் தங்கை மகளுக்குப் பிறந்தநாள் விழா. ஒரு கிழமை போவதாக ஏற்பாடு. புறப்படுகிற அன்று யோகராணி பெட்டியைக் கடைக்குள் தூக்கி வைப்போமா என்று கேட்டாள். இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கவேண்டிய பெட்டி. கலேத் துறைமுகத்தில் கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "ஒரு கிழமைதானே, ஒண்டும் செய்யாது" என்றான் உதயன்.

அந்தக் கிழமை பாரிசில் பகலிலும் தண்ணீர் உறைந்து கிடந்தது. திரும்பி வந்தபோது இலையெல்லாம் தவிட்டு நிறத்தில் சுருண்டிருந்தது. பெட்டிக்குள் விரலை வைத்தால் சீமெந்து.

அவள் சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வசந்தம் வந்ததும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். வலது பக்கம் முழுக்க மண்ணிறம். இடது பக்கம் அடியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு பச்சைக் கோடு மேலே ஏறிப் போனது. அந்தக் கோட்டின் நுனியில் சில முளைகள்.

"போதும்," என்றாள். "இது போதும் அதுக்கு."

பட்ட பகுதியின் தோலைச் சின்னக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். உள்ளே வெள்ளை மரம், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி வரிவரியாக. பாரிஸ் மழையில் அது உக்கிப்போகாமல் இருக்கக் கோடைதோறும் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைத் தூரிகையால் பூசினாள். முற்றமெல்லாம் கூழ்முட்டை நாற்றம். மரி-லூயிஸ் இரண்டு தடவை கழிவுநீர்க் குழாய் பார்க்கிறவர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

மத்தியானம் கடையைப் பூட்டுகிற ஒரு மணிநேரம் மரத்தின் நேரம். புதிதாக வந்த கொப்புகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைப்பாள். உதயன் சாப்பாட்டுக் கோப்பையோடு கதவடியில் இருந்து பார்ப்பான். வளையும், இன்னும் வளையும், இனி முறிந்துவிடும் என்று அவன் மூச்சைப் பிடிக்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் அவள் கை நின்றுவிடும். ஒரு நாளும் தவறியதில்லை. இருபது வருடமாக வான் ஓட்டுகிறவன் அவன். கைப்பழக்கம் என்றால் என்னவென்று தெரியும். இது அதற்கும் மேலே என்று அவனுக்குப் பட்டது.

பட்ட பக்கத்தை அவள் எப்போதும் சுவரைப் பார்க்கத்தான் வைத்தாள். உதயனுக்கு அது ஆறுதல். அந்த வெள்ளையைக் காண்கிற நேரமெல்லாம் அவனுக்குக் கலேக் கப்பல் ஞாபகம் வரும்.

இரண்டாயிரத்துப் பதினேழில் புறநகர் மண்டபம் ஒன்றில் நடந்த கண்காட்சிக்கு மரம் போனது. தட்டையான மண்ணிறச் சட்டியில், இடப்பக்கம் நீண்ட ஒரு கொப்பு மேகம் போல இறங்க, பழைய காட்டின் ஒரு துண்டாக அது நின்றது. சங்க உறுப்பினர்களின் மரங்களில் முதல் பரிசு அதற்குத்தான். நடுவர் அலெக்சாந்த்ர் வந்து உதயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதயன் கையை விடுவித்துக்கொண்டு, "நான் சாரதி. செய்தது இவ" என்று யோகராணியைக் காட்டினான்.

அலெக்சாந்த்ர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு குனிந்து மரத்தின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மதாம், பரிசு உங்களுக்கு உரியது. ஆனால் இந்த மரத்தின் முகத்தை நீங்கள் சுவருக்குக் காட்டி வைத்திருக்கிறீர்கள்."

வானில் ஏறியதும் யோகராணி வெடித்தாள். "அவருக்கென்ன தெரியும்? அது அடிபட்ட பக்கம். அடிபட்டதை ஆரும் முன்னுக்குக் காட்டுவினமே?"

"விசர்க் கதை. விடும்" என்றான் உதயன் அவசரமாக.

அவள் விடவில்லை. மரத்தைக் கடையிலிருந்த சுழலும் முக்காலியில் தூக்கி வைத்தாள். தினமும் கொஞ்சம் திருப்புவாள், சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதக்கணக்காகப் பார்த்தாள். அடுத்த வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, வெட்டுக்குறட்டை எடுத்து, மேகம் போல இறங்கிய அந்தக் கொப்பின் அடியில் வைத்தாள்.

"ராணி! பரிசு வாங்கின கொப்பு!"

"ஓம். இப்பிடித் திருப்பினா இது முகத்தை மறைக்குது."

"திருப்பி வளர்க்க எத்தினை வருசம் செல்லும்?"

"ஆறு. ஏழும் செல்லும்."

குறடு ஒரு சத்தம் போட்டது. உதயன் தன்னையறியாமல் சட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டு வருட வேலையை, அதுவும் எல்லோரும் மெச்சிய வேலையை, தன் கையாலேயே வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க எவ்வளவு துணிவு வேண்டும்! அவள் முகத்தைப் பார்த்தான். பிழையான தையலைப் பிரிக்கிறபோது இருக்கிற அதே முகம்தான்.

கொரோனா ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது மரத்துக்கு முழுநாளும் கிடைத்தது. புதுக் கொப்புகள் வந்தன, வளைந்தன, மெல்ல மெல்லத் தடித்தன. இரண்டாயிரத்து இருபத்துமூன்று வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அலெக்சாந்த்ர் விலாசம் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். முற்றத்துக்குப் போனவர் மரத்தை ஒரு தடவை சுற்றி வந்தார். வெள்ளை மரம் முறுகி மேலே ஏற, அதை அணைத்தபடி உயிருள்ள பட்டை ஒரு நாடாவாகக் கூடவே ஏறி, உச்சியில் சாம்பல் பச்சையாக விரிந்திருந்தது.

"இலையுதிர்காலக் கண்காட்சிக்குக் கொண்டு வாருங்கள்" என்றார் கடைசியில்.

"இன்னும் இரண்டு வருடம். வலது கொப்பு வளர்ந்தது காணாது" என்றாள் யோகராணி. பிளவுஸ் இன்னும் முடியவில்லை என்ற பதிலைக் கேட்ட வாடிக்கையாளர் மாதிரி அவர் தலையாட்டினார்.

பிறகு அந்த வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் காட்டி, "இதை எதனால் செதுக்கினீர்கள்?" என்று கேட்டார்.

"செதுக்கவில்லை. குளிரில் பட்டது," என்று உதயன் முந்திக்கொண்டு பிரெஞ்சில் சொன்னான். "உள்ளே தூக்கி வைக்கத் தேவையில்லை என்று சொன்னவன் நான்."

பதினொரு வருடத்தில் அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

யோகராணி திரும்பிப் பார்த்தாள். "பெட்டி பாரமப்பா," என்றாள் தமிழில். "நானும் ஓமெண்டுதானே கப்பலேறினனான்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு அளவெடுக்கப் போனாள்.