நாற்பத்திரண்டு துடிப்பு

டாக்டர் சிவப்பிரகாசம் அவ்வப்போது பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, என் ஸ்டோர் ரூமில், என் மேஜைமேல் இருக்கும் பம்பு வாஷர்களை ஒதுக்கிவிட்டு, எங்கள் ஆட்களைப் படுக்கவைத்து நாடி பார்ப்பார். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஸ்டோர் கீப்பரின் மேஜைமேல் ஆளாளுக்கு ஏறிப் படுத்தால் அவன் எங்கே எழுதுவது? ஆனால் கோமளா அண்ட் கோ சின்னக் கம்பெனி. நெய்வேலிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற பம்புகளில் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள காண்டிராக்ட் எடுத்திருந்தது. அதற்குத் தனியாக ஆஸ்பத்திரியா கட்டுவார்கள்?

அறுபத்து நான்காம் வருஷம் பெரியண்ணன் அந்த மேஜையில் படுத்தான். எங்களிடம் தினக்கூலி. அவன் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது, புதிதாகக் கொடுத்த மனை எங்கோ கோடியில் இருந்தது. கம்பெனி லாரியில் பெர்மனென்ட் ஆட்களை மட்டும்தான் ஏற்றுவார்கள். ஆகவே அவன் காலையில் தூக்குவாளியோடு ஓடி வருவான், மாலையில் ஓடிப் போவான். அந்தப் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் நீண்ட ஓட்டத்தில் மற்றவர்கள் நாக்குத் தள்ளி வந்துகொண்டிருக்க, இவன் ஓடி முடித்து ஒரு கலர் சோடாவும் குடித்து முடித்திருந்தான். முதலாளிக்கு ஒரே குஷி. "இவன பெர்மனென்ட் பண்ணுங்கய்யா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

வேலை என்னவென்றால், ஸ்டூலில் உட்கார்ந்து பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது. பெர்மனென்ட் ஆனால் லாரி உண்டு, கம்பெனி பிடித்துவைத்திருக்கும் ஓட்டு வீடுகளில் ஒன்றும் உண்டு. அவன் மனைவி அம்சவல்லி எந்த மூலையில் அடுப்பு போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். டாக்டர் பாஸ் போடவேண்டியதுதான் பாக்கி.

டாக்டர் நாடியைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் எண்ணினார்.

"நாப்பத்திரெண்டு. ஏம்ப்பா, உயிரோடதானே இருக்கே?"

"இருக்கேங்க."

"மயக்கம், மூச்சு வாங்குறது?"

"அதெல்லாம் இல்லீங்க. ஓடிக்கினேதான் வந்தேன்."

டாக்டருக்குச் சங்கதி புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் மக்கு இல்லை. எங்களுக்கும் விளக்கினார்: "ஓடி ஓடி இவன் இருதயம் பலப்பட்டுப்போச்சு. நமக்கு ரெண்டு துடிப்புல போற ரத்தத்த இவன் ஒரே துடிப்புல தள்ளிடறான். அதனால நிதானமா அடிக்குது. முதல் தரமான இருதயம்."

"அப்ப பாஸ் போடுங்க சார்" என்றார் எங்கள் கம்பெனிக் கம்பவுண்டர் வேலுமணி.

"எப்படிய்யா போடுறது? அறுபதுக்குக் கீழே போனா ஆகாதுன்னு உங்க கம்பெனி விதி இருக்கு. நல்ல இருதயம்னா என்ன பண்ணணும்னு அதுல இல்லையே. அன்ஃபிட்."

பெரியண்ணனின் கையை அவர் இன்னும் விடவில்லை. திடுக்கிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறுதே! எழுபத்தெட்டு! அட, ஃபிட்டுய்யா!"

ஃபிட் என்று கேட்டதும் பெரியண்ணன் பெருமூச்சு விட்டு நிம்மதியாகப் படுத்தான். நாடி நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. அன்ஃபிட் என்றார். ஏறியது. ஃபிட் என்றார். இறங்கியது. பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று டாக்டருக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் அவர் நாடியைப் பிடித்திருந்தால் அவரே தேறியிருக்க மாட்டார்.

வெளியே இரும்புக் குழாய்கள்மேல் உட்கார்ந்திருந்த அம்சவல்லி உள்ளே வந்துவிட்டாள்.

"ஓடறாருன்னுதானே வேல தர்றேன்னீங்க? இப்ப ஓடறாருன்னு வேல இல்லன்றீங்களே, இன்னாங்க ஞாயம் இது?"

"ஓட்டத்த நிறுத்தச் சொல்லும்மா. தானா ஏறிடும்."

"நிறுத்துனா எப்டிங்க வேலைக்கு வருவாரு? லாரில ஏத்துறீங்களா?"

"பெர்மனென்ட் ஆனாத்தான் லாரி" என்று நானே சொல்லவேண்டியதாயிற்று. சொன்ன வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வேலுமணிதான் வழி கண்டுபிடித்தார். "சார், ரெண்டுமே சொல்லாம பாருங்களேன்."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "பெரியண்ணா, உன் விஷயத்த யோசிக்கிறோம். பார்க்கலாம்."

எழுபத்திரண்டு. கடிகாரத்தோடு போட்டி போடாத குறை. டாக்டர் எண்ணிக்கொண்டே இருந்தார், நாடி எழுபத்திரண்டைவிட்டு அசையவில்லை. முடிவு சொல்லாத வரைக்கும் இந்த ஆள் பரிபூரண ஆரோக்கியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன? பெரியண்ணனை டெம்பரரியாக ஸ்டூலில் உட்காரவைத்தார். டெம்பரரிக்கு லாரியும் இல்லை, வீடும் இல்லை. அவன் ஓடியே வந்து உட்கார்ந்தான், எழுந்து ஓடியே போனான்.

அடுத்த வருஷமும் மேஜை, நாடி, "பார்க்கலாம்", எழுபத்திரண்டு. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. டாக்டருக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது. "இந்தக் கம்பெனியிலேயே ஒழுங்கான நாடி உன்னோடதுதான்" என்று முதுகில் தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு டப்பா வாஷரைக் கீழே கொட்டி, நானே பொறுக்கினேன். "ஸ்டோருக்காரரே, இந்த வாட்டியாவது ஆவுமா?" என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி, அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அறுபத்தேழில் டாக்டர் வந்தார். பெரியண்ணன் படுத்தான்.

"பார்க்கலாம், பெரியண்ணா" என்றார் வழக்கம்போல, கையைப் பிடித்துக்கொண்டு. எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடியும் எண்ணினார்.

"நாப்பத்திரெண்டா? என்னப்பா, ஓட்டத்த ஜாஸ்தி பண்ணிட்டியா?"

"அதே ஓட்டந்தாங்க."

"யோசிக்கிறோம்னு சொன்னேனே. காதுல விழலையா?"

"வுழுந்துச்சுங்க."

டாக்டர் வேலுமணியைப் பார்த்தார். வேலுமணி என்னைப் பார்த்தார். இப்போது அன்ஃபிட் என்றால் அந்த ஸ்டூலும் போய்விடும், அது மூன்று பேருக்கும் தெரியும், பெரியண்ணனுக்கும் தெரியும்.

"அப்ப நீ அன்ஃபிட்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு நாடி ஏறுவதற்குக் காத்திருந்தார். நான் மேஜையைச் சுற்றிப் போய் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தேன். டாக்டர் இன்னும் கொஞ்சம் உரக்க, அன்ஃபிட் என்றார். அது அதன் பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"எறங்கலாங்களா?" என்று கேட்டான்.