பத்தாண்டின் ஒரே வசனம்

வார இதழில் சினிமா விமரிசனம் எழுதும் அவரை அலுவலகத்தில் எல்லாரும் ‘நீதிபதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பாராட்டு என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பத்தாண்டின் தலைசிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. கட்டுரை எடுபட்டால் அவருடைய விமரிசனங்களைப் புத்தகமாகப் போடுவதாகப் பதிப்பாளர் சொல்லியிருந்தார். இருபது வருடமாக மனிதர் ஏங்கிய புத்தகம். அதற்காகக்கூட நாலு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. பத்தாவது படம் ‘கொட்டாவிக்குப் போட்ட பின்னணி இசை’. ஏழாவதில் நாயகன் அழுகிறான், ‘டிக்கெட் எடுத்த நாமல்லவா அழவேண்டும்?’ இரண்டாவது ‘தப்பித்தவறி நன்றாக வந்துவிட்டது’. பிடித்த படங்களுக்கே இந்தக் கதி.

முதலிடம் மட்டும் வேறு. ஏதோ வெளிநாட்டு மலைக்கிராமத்துப் படம். கடைசிக் காட்சியில் ஒரு கிழவர் பேசும் வசனத்துக்கு மூன்று பக்கம் உருகியிருந்தார்.

கட்டுரையை அனுப்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுகிறவன். நீதிபதிக்கு அவன் ஒப்புக்குச் சப்பாணி. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவன் காதுபடவே சொல்வார். ஆனாலும் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே. உட்கார வைத்து, முதலிடத்தை உரக்க வாசித்தார்.

“‘போனவனுக்கு வழி தெரியும். நின்றுவிட்டவனுக்குத்தான் தெரியாது.’ பத்து வருஷத்துல வந்த ஒரே வசனம் இதுதான்! உன்னால ஜென்மத்துக்கும் இப்படி ஒரு வரி எழுத முடியுமா?”

“எழுதினதே நான்தான் மாமா.”

“என்ன உளர்ற?”

“வசனத் தாள்ல கடைசி ரெண்டு பக்கம் வரல. மறுநாள் படத்தைக் குடுத்தாகணும். கிழவர் வாயசைக்கறதப் பாத்து நானே போட்டுட்டேன். அப்புறம்தான் தாள் வந்துச்சு. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கறாராம்.”

நீதிபதி முகத்தில் ஈயாடவில்லை. வேறு படத்தை முதலிடத்துக்கு ஏற்றலாம் என்றால், மீதி ஒன்பதையும் தம் கையாலேயே குழிதோண்டிப் புதைத்திருந்தார். புத்தகம் கண்ணெதிரே கைநழுவுவது போலிருந்தது.

“வெளியில மூச்சு விட்டுறாதப்பா,” என்றார். அந்த ‘அப்பா’ இதுவரை அவர் வாயில் வந்ததே இல்லை.

“சொல்லவே மாட்டேன் மாமா. உங்களுக்குக் கல்யாணமாகி பதினாலு வருஷத்துல நீங்க என்னைப் பாராட்டினது இது ஒண்ணுதான். நானே கெடுத்துக்குவேனா?” அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். “அந்த மூணு பக்கத்தையும் முதல்ல இருந்து வாசிங்க. நிறுத்தி, நிதானமா.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.