சுத்தமான பதிவு

ஆறுமுகநாதனுக்கு மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் உத்தியோகம். பைத்தியமோ பறவைக் குரல்மேல். ஞாயிறு விடிந்தால் ரெக்கோடரைத் தோளில் மாட்டிக்கொண்டு ரிவஸ்டன் காட்டுக்குப் போய், அட்டைகளுக்கு இரத்ததானம் செய்துவிட்டு வருவான். மைக் பிடிக்க மிளகு வியாபாரி றஹீம் கூடவே போவான்.

எண்பத்தொன்பதில், கிளர்ச்சிக் காலத்தில், ஒரு திங்கட்கிழமை இராணுவத்தினர் றஹீமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முந்தின நாள் காலை நாவுலப் பக்கம் பஸ் எரித்தவர்களில் இவனும் ஒருவன் என்று முகமூடி போட்ட எவனோ தலையாட்டியிருந்தான். அந்த வருஷம் அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் டயரோடு எரிந்து ரோட்டோரம் கிடந்தார்கள்.

றஹீமின் மனைவி ஹமீமா ஓடி வந்தாள்.

"அண்ணே, அந்த நேரம் அவங்க உங்களோட காட்டுலதானே இருந்தாங்க? கசட்டுல நீங்க தேதி, நேரம் எல்லாம் சொல்லுவீங்களாமே. அவங்க தும்மினதும், நீங்க ஏசினதும்கூட பதிஞ்சிருக்காம். சிரிச்சிச் சிரிச்சி சொன்னாங்க. அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்க!"

ஞாயிறு ஆறுமுகநாதன் பதிந்தது அருவியோரம் விசிலடிக்கும் குருவியை. அது பாடுவதே அபூர்வம். அன்றே வீட்டுக்கு வந்ததும் பாட்டை மட்டும் வேறு கசட்டில் ஏற்றி, தேதி, தும்மல், ஏச்சு எல்லாவற்றையும் வெட்டி, பழையதை அழித்தும் வைத்திருந்தான். மனிதச் சத்தமே ஒட்டாத பதிவு என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டவன் அவன்.

ஆனாலும் போனான். முகாமில் அதிகாரி கசட்டை முழுக்கக் கேட்டார்.

"நல்ல குருவி," என்றார் சிங்களத்தில். "இதில் உன் ஆள் எங்கே?"

"மைக் பிடித்திருந்தார் சேர். அவர் சத்தத்தை நான் வெட்டிவிட்டேன்."

"ஏன்?"

"சுத்தமாக இருக்கட்டும் என்று."

அதிகாரி சிரித்தார். "இங்கேயும் அதே வேலைதான். கச்சேரி ஆள் என்பதால் விடுகிறேன். திரும்பவும் வந்தால் அவனோடேயே உன்னையும் வைப்பேன்."

முகாம் வாசலில் ஹமீமா நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"குருவிச் சத்தம் மட்டுந்தான் இருந்துச்சு தங்கச்சி. மத்ததை நான் வெட்டிட்டேன்."

அவள் ஏசவில்லை. "குருவிக்கு இடைஞ்சலா இருந்தாங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறுமுகநாதன் வீரனல்ல, மாட்டைக் கண்டால் மறுபக்கத்தால் நடப்பவன். கால்களும் ஒழுங்காக பஸ் நிலையத்துப் பக்கந்தான் திரும்பின. கொஞ்சத் தூரம் போயும்விட்டான். பிறகு திரும்பி வந்து, நாக்குத் தடுமாற, காவலுக்கு நின்ற சிப்பாயிடம் சொன்னான்: "ஞாயிறு காலை அவர் என்னோடுதான் இருந்தார். அதை எழுதிக்கொள்ளும்வரை நான் போகமாட்டேன்."

சிப்பாய் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தான்.

"அண்ணே, வேணாம்!" என்று கத்தினாள் ஹமீமா.

அதற்குள் அவனுக்குப் பின்னால் கேட் மூடிக்கொண்டது.