சக்கரத்துக்கு வைத்த கல்

கம்பத்து ஜீப் ஸ்டாண்டில் விடிந்தும் விடியாததுமாகச் சோணையம்மாளின் குரல்தான் முதலில் கேட்கும். மலைக்கு அப்பால், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகும் கங்காணி அவள். பேச்சில் அவளை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், கேட்டவளின் குடும்பம் சந்தி சிரித்துவிடும்.

அன்று காலாண்டு லீவில் இருந்த மகள் சினேகாவையும் கூட்டி வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. தீபாவளிக்குத் தன் சம்பாத்தியத்தில் சுடிதார் எடுக்க வேண்டும் என்று ஆசை.

கொள்ளாத கூட்டம் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தது. வண்டி உருளாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். தோட்ட வேலைக்கு வரும் ராஜமணி ஏறாமல் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யக்கா, நேத்து இறக்கத்துல பிரேக்கு பிடிக்கலன்னு டிரைவரண்ணனே சொன்னாக. நிக்கிறப்பக் கல்லு வைக்கிறீக. ஓடுறப்ப எத வைப்பீக?”

நியாயமான கேள்வி. சோணையம்மாளிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோதுதான் அவளுக்கு வாய் இன்னும் நீளும்.

“கட்டுன புருஷன்கூட ஒரு வருஷம் முழுசாத் தங்கல. ஆத்தா வீட்ல வந்து கெடக்கவ, எனக்கு வண்டியப் பத்திப் பாடம் எடுக்குறாளாக்கும்!”

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. சினேகாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குமேல் பிரேக்கைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. கூலியை விட முடியாத ராஜமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

சாயங்காலம் மலை இறங்கும்போது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஜீப் பள்ளத்தில் உருண்டது. ராஜமணிக்குக் கை ஒடிந்தது. முன்சீட்டில் இருந்த சோணையம்மாள் நெற்றிக் காயத்தோடு தப்பினாள். சினேகாவை உயிரில்லாமல்தான் தூக்கி வந்தார்கள்.

மூன்றாம் நாள், பந்தல் பிரிக்காத வாசலுக்குத் துக்கம் கேட்க வந்தார் ஜீப் முதலாளி நல்லகண்ணு. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த சோணையம்மாள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மொதலாளி, பிரேக்க ஏன் சரி பண்ணாம விட்டீக?”

அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். “படிக்கிற பொம்பளப் பிள்ளைய ஏலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு தாயி? நானா? பெத்தவ மொதல்ல அத யோசிச்சிருக்கணும்ல?”

பந்தலில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை உயிரோடு அறுத்தது. எல்லோர் கண்ணும் இப்போது அவள்மேல்தான். பிரேக் என்ற பேச்சே அங்கே இல்லை.

கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்ற ராஜமணியைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

“நான் பாவிதான். எம்பிள்ளைய நானே ஏத்திவிட்டேன். அதுக்குச் சாகுற வரைக்கும் அழுவேன். ஆனா, அதச் சொன்னா ஒங்க வண்டிக்குப் பிரேக்கு பிடிச்சிருமா மொதலாளி? அன்னைக்கு இவ கேட்டதும் பிரேக்கத்தான். நான் இவ புருஷனப் பத்திப் பேசி எல்லாரையும் சிரிக்க வச்சேன். எம்மகளும் சிரிச்சாளே!”

துக்கத்துக்கு வந்திருந்த தோட்ட வேலைப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“பதில் இல்லாதவுகதான் கேட்டவளோட குடும்பத்த இழுப்பாக ஆத்தா. கேக்குறவ எப்படிப்பட்டவளா வேணா இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில வாங்காம இனி ஒருத்தியும் வண்டியில ஏறாதீக!”