கூரையில் கொழுவிய வீடு

அந்தச் சனிக்கிழமை காலை இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் காரின் டிக்கிமேல் முழங்காலில் ஏறியிருந்து, கூரையில் பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தின் திருகாணிகளைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். சட்டத்தின் நான்கு கால்களும் கூரையோரம் மழைநீர் வடிகிற தவாளியில் கொழுவி நின்றன. நடுவில் தேசிக்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு. பின்னால் நின்ற, உள்ளே கட்டிலும் மேசையும் உள்ள பழைய ட்ரெயிலரின் கழுத்து டிக்கிக்கும் கண்ணாடிக்கும் மேலால் நீண்டு வந்து அந்தக் குண்டில் உட்கார வேண்டும். ஊருலகமெல்லாம் ட்ரெயிலரைக் காரின் பம்பரில் கட்டி இழுக்க, என்னுடைய மனுசன் மட்டும் காரின் தலையில் கட்டுகிறார். முன்வீட்டுச் சனம் கோப்பியும் கையுமாக வாசலில் நின்று பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்ட் அது. கனடாவில், மில்லிக்கன் பகுதியில், தெய்வநாயகி அன்ரியின் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எங்கள் இருவருக்கும் கிடைத்தது ஹோலின் ஒரு மூலை. குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் பூப்போட்ட படுக்கை விரிப்பு. அதற்குள்தான் எங்கள் குடித்தனம். கலியாணம் முடிந்து பதினோராம் நாள் இவர் கனடாவுக்கு வெளிக்கிட்டவர். மூன்று வருடம் கடிதத்தில் குடும்பம் நடத்திவிட்டு நான் வந்து சேர்ந்தேன். சொல்லாமல் விட்ட கதையெல்லாவற்றையும் அந்த விரிப்புக்குள் குசுகுசுத்தே சொல்லி முடித்தோம். சண்டை பிடித்ததும் குசுகுசுப்பில்தான். சிரிப்பு வந்தால் இவர் தலையணையை வாயில் அமத்திக்கொள்வார். இவருடைய தங்கைமார் இரண்டு பேர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடக் காசு சேர்த்து, அவர்கள் வந்து சேரும்வரை தனிவீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கனடாவில் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும் என்று சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. இவரிடம் ஒரேயொரு தடவை சொன்னேன், அதுவும் பஸ் ஸ்ரொப்பில் நின்று. இவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்ரி தங்கமான மனுசி. மட்டக்களப்பிலிருந்து வந்தவர். வீட்டில் யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, யாருக்குத் தடிமன், காய்ச்சல் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஓர் ஆளைத் தனிய விடுவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தலையிடி என்று படுத்தால் முழு வீடும் என் தலைமாட்டில் வந்து குந்தியிருக்கும். சிம்கோ ஏரிப்பக்கம் போய் இரண்டு நாள் நிற்கப் போகிறோம் என்று இவர் சொன்னதும் அன்ரிக்கு ஒரே சந்தோசம்.

"நாங்களும் வாறம் புள்ள. ரெண்டு பேரும் தனியப் போய் என்ன செய்வீங்க?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களில் யார் வாய் திறந்து பதில் சொல்வது? அன்று பின்னேரமே அன்ரி வடைக்கு உழுந்து ஊறப் போட்டுவிட்டார்.

இவர் அப்போதுதான் அந்த ட்ரெயிலரைப் பற்றிச் சொன்னார். தொழிற்சாலையில் இவரோடு மெஷினில் நின்று ஓய்வு பெற்ற எட்வேட் என்ற வெள்ளைக்காரருடையது. கூரையில் கொழுவுகிற சாமான். "பாரம் முழுக்கக் காரின்ரை தலையிலைதான் அன்ரி. பின்சீற்றிலை ஆள் ஏத்தேலாது. ஏத்தினாக் கூரை அமந்திடும்."

அன்ரியின் முகம் வாடியது. உழுந்தை என்ன செய்வதென்று கேட்டார். என் முகமும் வாடியது, ஆனால் வேறு காரணத்துக்கு. அதே கிழமை ஸ்ரீல்ஸ் வீதிப் பிளாசாவில், பம்பரில் கட்டி இழுக்கிற சாதாரண ட்ரெயிலர் ஒன்று வாடகைக்கு நின்றது. அதை எடுத்திருந்தால் மரியாதையாகப் போய் வந்திருக்கலாம். ஒரு காரியத்தை நேராகச் செய்யத் தெரியாத மனுசனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டேனே என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிபோல் எட்வேட் வந்தார், தன்னுடைய ட்ரெயிலரை வழியனுப்ப. கைபிடியைச் சுற்றச் சுற்ற ட்ரெயிலரின் கழுத்து மெல்ல இறங்கி இரும்புக் குண்டில் உட்கார்ந்தது. கார் ஒருதடவை பெருமூச்சு விட்டுப் பதிந்தது. அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ட்ரெயிலருக்குக் கீழே கார் சுகமாகத் திரும்புமாம். பம்பரில் கட்டியதைப்போல் நெடுஞ்சாலையில் வாலை ஆட்டாதாம். புதுக் கார்களுக்குத் தவாளி வைக்கிறார்கள் இல்லை, அதனால் இந்தக் கார் இருக்கும்வரைதான் இதற்கும் வாழ்வு என்று கவலைப்பட்டார். பிறகு பின்கதவைத் தட்டிச் சிரித்தார். இதே ட்ரெயிலரைத் தன்னுடைய காரில் கொழுவி, பின்சீற்றில் மூன்று பிள்ளைகளையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு, மனைவியோடு ஹலிபக்ஸ்வரை போய் வந்தாராம். கூரையில் ஒரு கீறல்கூட விழவில்லையாம்.

என் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் மூன்று பிள்ளைகளும் நாயும் எனக்கு விளங்கின. நான் திரும்பி இவரைப் பார்த்தேன். ட்ரெயிலரின் வெளிச்சத்துக்கு வயர் கொழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. இவர் நிமிரவில்லை. பிடரி மட்டும் தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியனுடையதைப்போல. பஸ் ஸ்ரொப்பில் நான் சொன்னது இவருடைய காதில் விழுந்துதான் இருக்கிறது.

"என்ன புள்ள சொல்றார்?" அன்ரி படியிலிருந்து கேட்டார்.

அன்ரிக்கு நான் அதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"பின்சீற்றிலை பூனைக்குட்டி கூட ஏறக்கூடாதாம் அன்ரி."

சொல்லி முடித்த பிறகுதான் தம்பிமுத்து அங்கிளின் ஞாபகம் வந்தது. அன்ரியின் கணவர். அன்ரிக்குப் பின்னால் கதிரையில் பேப்பரோடு இருந்தார். ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மனிதர். எட்வேட் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட விட்டிருக்க மாட்டார். அவர் பேப்பரை இறக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ஓம் ஓம்," என்றார் அங்கிள். "அப்பிடித்தான் சொல்றார். நானும் கேட்டன்."

மறுபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்ரி உள்ளே போய் ஆறு தேசிக்காய் எடுத்து வந்தார். காருக்கு நான்கு, ட்ரெயிலருக்கு இரண்டு. ஒவ்வொரு சில்லுக்குக் கீழேயும் தானே குனிந்து வைத்தார். பிறகு ஒரு பெரிய கறிச்சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து, பின்கதவுக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"இது பாரமா இருக்குமோ?"

"சட்டி போகலாம்," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அங்கிள் சொன்னார். "ஆள்தான் ஏறப்படாது."

அன்ரி சட்டியைப் பின்சீற்றில் இருத்தி, அதற்கு பெல்ற்றும் போட்டுவிட்டார். என் கன்னத்தைத் தடவினார். அந்த நேரம் எனக்கு அழுகை வந்தது. பொய் சொன்னதற்கா, அவருடைய கை அவ்வளவு மெதுவாக இருந்ததற்கா என்று இன்றுவரை தெரியாது.

தேசிக்காய்கள் நசிந்தன. நாங்கள் வெளிக்கிட்டோம். ஸ்ரீல்ஸைக் கடந்து நாற்பத்தெட்டாம் நெடுஞ்சாலையில் ஏறியதும் சோளவயல்கள் தெரிந்தன. தலைக்கு மேல் இரும்பு மெல்ல முனகிக்கொண்டு வந்தது.

"ஹலிபக்ஸுக்கு நாயும் போனதாம்," என்றேன்.

இவர் காதைச் சொறிந்தார். "வேறை என்னத்தைச் சொல்லி அன்ரியை மறிக்கிறது?"

"பிளாசாவிலை நிண்டதை எடுத்திருக்கலாமே."

"அதுக்கு ஒரு சாட்டும் சொல்லேலாது ராணி. கார் நிறைய ஆள் ஏத்தினாலும் அது வரும் எண்டு பாக்கிற எவருக்கும் விளங்கும்."

வயர் கொழுவின அவசரத்தில் நான் அன்ரிக்குச் சொன்னதை இவர் சரியாகக் கேட்கவில்லை. பூனைக்குட்டியைச் சொன்னேன். அங்கிள் சாட்சி சொன்னதையும் சொன்னேன். இவர் சிரிக்கத் தொடங்கினார். ஸ்ரியரிங்கில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார், கண்ணீர் வழியச் சிரித்தார். கலியாணம் செய்து நான்கு வருடத்தில் என் புருஷனுடைய முழுச்சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். இவ்வளவு பெரிய சத்தம் அந்த மெல்லிய உடம்பில் எங்கே இருந்தது என்று அதிசயமாக இருந்தது.

ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மழை பிடித்துவிட்டது. கழுத்தைக் குண்டிலிருந்து இறக்காமலே ட்ரெயிலருக்குள் ஓடினோம். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு யன்னல். தகரக் கூரையில் மழை கொட்டியது. இவர் ஈரத் தலையோடு எனக்குக் கிட்ட வந்து காதுக்குள் கேட்டார், "பசிக்குதோ?"

"ஏன் குசுகுசுக்கிறியள்?" என்று நானும் குசுகுசுத்தேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு நான் மூச்சை நன்றாக இழுத்து, ஊரில் ஒரு பெண்ணும் புருஷனைக் கூப்பிடாத விதமாக, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "இரத்தினவேல்!" பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நாய் குரைத்தது. இவர் திடுக்கிட்டு, "ஓம்!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

யன்னலால் பார்த்தால் கார் தெரிந்தது. எங்கள் வீட்டைத் தலையில் தாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றது. அன்ரியின் கறிச்சட்டி பெல்ற் போட்டபடி பின்சீற்றில் தனியே இருந்தது.

கதவைச் சாத்தத் திரும்பினேன். எட்வேட்டின் பழைய பூட்டு துருப்பிடித்துக் கிடக்க, அதற்குக் கீழே பித்தளையில் ஒரு புதுத் தாழ்ப்பாள் பொருத்தியிருந்தது. மரத்தூள்கூட இன்னும் துடைபடவில்லை. இவர் நல்ல உயரம். இவருடைய கைக்கு அது மிகவும் பதிவு, குனிந்துதான் போடவேண்டும். என் கைக்குச் சரியாக இருந்தது.

இவர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.