ஒரு விண்டோவுக்குள் நாலு பிளவுஸ்

"விஜயாவை மடிப்புப் பக்கம் போடப் போறேன் தம்பி. நீங்க வந்து அங்க நிக்கிற றஷீனாவுக்கு அந்தக் கம்பியூட்டர் வேலையைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

சிதம்பரநாதன் முதலாளி போனில் இப்படிச் சொன்னதும் ரஜீவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஜயலெட்சுமி அவன் மனைவி. காலையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் ரொட்டி சாப்பிட்டார்கள். தெமோதரையில் பஸ் ஏறும் வரைக்கும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே இவள் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

பதுளையில் முதலாளியின் புடவைக்கடையில் தையல் ஓடர் எடுக்கும் நாற்காலி விஜயாவுடையது. மூன்று வருடம் நின்றுகொண்டே புடவை மடித்து, கால் வீங்கி, அதற்குப் பிறகு கிடைத்த நாற்காலி. அந்தக் கம்பியூட்டரில் ஓடும் புரோகிராமை எழுதியவன் ரஜீவ். கடைகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. தான் எழுதியதில் தன் பெண்சாதி வேலை செய்கிறாள் என்று அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"அப்படி என்னங்க செஞ்சிட்டா?"

"அளவு மாறிப் போகுது தம்பி. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பெரியம்மாவுக்குத் தைச்ச பிளவுஸ் முழங்கையைத் தாண்டி ஏறல. கடையே சிரிச்சுது. இது ரெண்டாந் தடவை. கேட்டா 'என் கைத்தப்புங்க'ன்னு தலையைக் குனிஞ்சுக்கிறா. நல்ல புள்ளதான், நான் என்ன செய்யிறது?"

அடுத்த பஸ்ஸிலேயே ரஜீவ் கடைக்குப் போனான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திறங்கியிருந்தார்கள். விஜயா இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். இவன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்க அவளுக்கு எங்கே நேரம்?

தோட்டத்துச் சனங்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? லயத்து வீட்டு வரிசையே கிளம்பி வரும். ராகுகாலம் பிறப்பதற்குள் பெண்ணின் பெயரில் முதல் ஓடரைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் போதும், முடிக்கக் கூடாது! கழுத்து எவ்வளவு இறக்கம், கையில் ஜரிகை வேண்டுமா வேண்டாமா என்று அத்தைமார், சித்திமார் எல்லாரும் ஒத்துக்கொள்ள மத்தியானம் ஆகிவிடும். அதுவரை பெண்ணின் ஓடர் பாதியில் நிற்கும். நடுவில் பெரியம்மா வந்து "எனக்கு அளவெடும்மா" என்பாள். அவளுடையது முடிவதற்குள் சித்தி நுழைவாள்.

விஜயா பெண்ணின் ஓடரைத் தொடங்கினாள். பெரியம்மா வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு, புரோகிராமையே இன்னொரு தடவை திறந்தாள். சித்திக்கு மறுபடியும் ஒரு தடவை, அத்தைக்கு இன்னொரு தடவை. திரையின் அடியில் ஒரே படம் நாலு நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் ரஜீவுக்குக் கோளாறு எங்கே என்று புரிந்தது.

அட பாவி மனுசா! அவன் முதலில் எழுதிக் கொடுத்தது அப்படியில்லை. ஒரு பெரிய விண்டோ, அதற்குள்ளே ஓடருக்கு ஒன்றாகச் சின்ன விண்டோக்கள். ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதைத் திறக்கலாம், வேண்டும்போது பழையதை இழுத்துக்கொள்ளலாம். கொழும்புக் கூட்டாளி ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஆதிகாலத்து வேலை" என்று சிரித்தான். ரோசம் வந்துவிட்டது நம்ம துரைக்கு. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரே ஒரு விண்டோவாக, வழவழவென்று மாற்றி எழுதினான். ஒரு ஓடரை முடித்தால்தான் அடுத்தது. இல்லாவிட்டால் எழுதினதை அழிக்க வேண்டும். விஜயாவிடம் காட்டினான். "அழகா இருக்குங்க" என்றாள்.

புரோகிராமை இரண்டு தடவை திறந்தால் இரண்டும் ஒரே ஓடர் நம்பரைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவன் யோசிக்கவே இல்லை. பின்னால் சேமித்தது முன்னால் சேமித்ததை அழித்துவிடும். கடைசியில் முடிகிறது கல்யாணப் பெண்ணின் ஓடர். அவள் அளவு பெரியம்மா அளவின் மேல் உட்கார்ந்துகொள்ளும். டெய்லர் ஸாஹிர் என்ன செய்வார், துணியில் குத்தியிருக்கும் நம்பரைப் பார்த்துப் பெரியம்மா துணியைப் பெண்ணின் அளவுக்கு வெட்டிவிடுவார்.

ரஜீவ் நேரே முதலாளியிடம் போனான். "தப்பு அவ கையில இல்லீங்க. நான் எழுதினதுல இருக்கு" என்று நடந்ததைச் சொன்னான்.

விஜயா பதறிப்போய் எழுந்து வந்தாள். "சும்மா இருங்களேன்! பண்டாரவளைக் கடைக்காரரு முதலாளிகிட்ட விசாரிச்சுட்டுத்தானே ஒங்க புரோகிராமை வாங்கப் போறாரு?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சரி. புரோகிராம் வேணாம், கையாலயே எழுதிக்குவோம். புள்ள நாற்காலியிலேயே இருக்கட்டும்."

"அது போனா நானும் மடிப்புப் பக்கமே போறேங்க" என்றாள் விஜயா.

"புருசனுக்குப் பொண்டாட்டி வக்கீலு, பொண்டாட்டிக்குப் புருசன் வக்கீலு. நடுவுல நான் யாருய்யா?" முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திங்கக்கிழமை காலையில சரியா இருக்கணும். இல்லாட்டி புள்ளையையும் புரோகிராமையும் சேத்து அனுப்பிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரஜீவ் லெப்டொப்பும் கையுமாகத்தான் இருந்தான். பெரிய விண்டோவைத் திரும்பக் கொண்டுவந்தான். சின்ன விண்டோ ஒவ்வொன்றின் தலையிலும் ஆளின் பெயரைப் போட்டான். சேமிக்கிற நேரத்தில்தான் நம்பர் விழும்படி செய்தான். விஜயா பக்கத்தில் உட்கார்ந்து நாலு பிளவுசைத் திறந்து, தள்ளி, இழுத்துப் பார்த்தாள். ஒருத்தர் அளவும் இன்னொருத்தருக்கு மாறவில்லை.

"ஏன் விஜயா, புதுசு வந்த பெறகுதான் இந்தக் கோளாறுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதைக் காட்டுனப்ப ஒங்க மொகம் இருந்த இருப்பு ஒங்களுக்குத் தெரியாது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

எவ்வளவு ஆசை இவளுக்குத் தன்மேல் என்று நினைக்க நினைக்க ரஜீவுக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே கெடு" என்றான். "என் மொகம் எப்படிப் போனாலும் பரவால்ல. எனக்காக நீ திட்டு வாங்கக் கூடாது."

"நெசமாச் சொல்லவா?"

"சொல்லு."

"இந்த எழுத்து பொடிசா இருக்கு. இந்தப் பச்சை கண்ணைக் குத்துது. 'சேமி'ங்கிறதுக்குப் பக்கத்துலயே 'அழி'யை வச்சிருக்கீங்க, எனக்குப் பயமா இருக்கு." அவன் மூன்றையும் குறித்துக்கொண்டான். அவள் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு இருக்கு. அது புரோகிராம்ல இல்ல."

"அதையும் சொல்லு."

"நீங்க இதுக்குள்ள தலையை விட்டிருக்கிறப்ப நான் என்ன பேசினாலும் 'ம்'முங்கிறீங்க. முதலாளி என்னைய மடிப்புப் பக்கம் போடப் போறாருன்னு வியாழக்கிழமை ஒங்ககிட்ட வந்து அழுதுக்கிட்டே சொன்னேன். அதுக்கும் 'ம்'முன்னுதான் சொன்னீங்க."

ரஜீவ் பெரிய விண்டோவை மூடினான். நாலு ஓடரும் முடியவில்லையே, மூடவா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமென்று அழுத்திவிட்டு, லெப்டொப்பைக் கட்டிலில் வைத்தான்.

"வியாழக்கிழமை என்ன நடந்துச்சு விஜயா?" என்றான். "மொதல்ல இருந்து சொல்லு."